கோப்பையா, குப்பையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

கென்யத் தலைநகர் நைரோபியின் மதாரே யுனைடெட் கால்பந்து அணிக்குப் பெருமை தருவது அது வென்ற கோப்பையா, அது அள்ளிய குப்பையா என்று கேட்டிருக்கிறீர்கள். குப்பைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் 1998, 2000 ஆண்டுகளில் வென்ற கென்யக் கோப்பையைச் சொன்னார். 2008 லீக் பட்டத்தைச் சொன்னார். டென்னிஸ் ஒலியெச் போல அங்கே ஆடி நாட்டுக்காகவும் ஆடியவர்களைச் சொன்னார். எல்லாம் உண்மை, எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துவிட்டார். முதல் பக்கத்துக்குப் போவோம்.

1987. அந்த வருஷம் நைரோபியின் கோர் மாஹியா அணி, ஆப்பிரிக்கக் கண்டத்து அணிகள் மோதும் கோப்பையையே தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியது. வேறெந்தக் கென்ய அணியும் செய்யாத காரியம். அதே வருஷம், அதே ஊரில், மதாரே குடிசைப் பகுதியில் பையன்கள் பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிறு சுற்றிப் பந்தாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரை வீடுகள். குப்பையை அள்ள ஆள் வருவதில்லை. சாக்கடை அடைத்துக்கொள்ளும், மழை பெய்தால் அதே தண்ணீர் வாசலுக்கு வரும், பின்னாலேயே பிள்ளைகளுக்கு நோய் வரும். அங்கே பாப் மன்ரோ என்ற கனடாக்காரர் ஆரம்பித்த மதாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம் பையன்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தது: நீ ஏதாவது செய், சங்கமும் செய்யும்; நீ சும்மா இருந்தால் சங்கமும் சும்மா இருக்கும்.

அந்த நிபந்தனை வெறும் பேச்சாக நிற்கவில்லை, புள்ளிப் பட்டியலிலேயே ஏறியது. ஆட்டத்தில் ஜெயித்தால் மூன்று புள்ளி. ஊரைச் சுத்தம் செய்யும் பணியை முடித்தால் ஆறு புள்ளி! நடுவர் அவர்களே, இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோல் போட்டவனைவிட, மண்வெட்டியோடு சாக்கடையில் இறங்கியவன் தன் அணியை மேலே ஏற்றுகிறான். உலகத்தில் எத்தனையோ லீக்குகள் நடக்கின்றன. இப்படி ஒரு கணக்கை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

கோப்பை வந்ததால்தானே இந்தக் குப்பைக் கதை வெளியே தெரிந்தது என்று எதிரணி கேட்டது. 1992-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு தன் குளோபல் 500 விருதை இந்தச் சங்கத்துக்குக் கொடுத்தது. அந்தச் சங்கத்திலிருந்து மதாரே யுனைடெட் என்ற அணி பிறந்ததே 1994-ல்தான்! அணியே இல்லாத நாளில் எந்தக் கோப்பை அவர்களை உலகத்துக்குக் காட்டியது? சொல்லுங்கள்.

பெரிய அணியில் இடம் கிடைத்துவிட்டது, இனி மண்வெட்டி வேண்டாம் என்றும் விடவில்லை. மதாரே யுனைடெட் ஆட்டக்காரர்களும் ஊர்ப்பணி செய்தாக வேண்டும்: சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி, எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வு. பெண் பிள்ளைகளுக்கும் அந்தச் சங்கத்தில் பந்து கொடுத்தார்கள். அதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இனி 2008. எதிரணியின் பெரிய துருப்புச் சீட்டு. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கென்யாவில் இனக்கலவரம் மூண்டது. மதாரேயும் எரிந்தது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் விரட்டிய நாட்கள் அவை. நைரோபியின் பழைய பெரிய அணிகளில் கோர் மாஹியா லுவோ மக்களிடம் வேர்விட்டது, ஏ.எஃப்.சி. லெப்பர்ட்ஸ் லுஹ்யா மக்களிடம். மதாரே யுனைடெட் ஓர் இனத்தின் அணியாக வளரவில்லை. ஒரு பகுதியின் அணியாக வளர்ந்தது. அந்த ரணமான வருஷத்தில் லீக் பட்டம் அங்கே போனது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே சாக்கடையில் சேர்ந்து இறங்கிப் பழகிய ஊர் அது, நண்பரே. அந்தப் பழக்கத்தைக் கோப்பை கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு லீக் பட்டம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அணி கீழ்ப்பிரிவுக்கே இறங்கி, மறுபடி ஏறி வந்தது. கோப்பையில்தான் பெருமை என்கிற எதிரணியிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன்: கீழ்ப்பிரிவில் கிடந்த அந்த நாட்களில் மதாரேயின் பையன் அந்தச் சட்டையை எதற்காகப் போட்டுக்கொண்டான்?