காலிக் கட்டங்களில் சைபர் போட்டுவிடலாமா?

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஒரு நேயர் கேட்கிறார்: "எக்ஸெல் கோப்பைப் பைத்தான் மொழியின் தரவுக் கருவியான பாண்டாஸில் திறக்கிறேன். அங்கங்கே கட்டங்கள் காலியாக இருக்கின்றன. திறந்ததும் ஒரு பத்தியில் முழு எண்கள் எல்லாம் 12.0, 15.0 என்று மாறிவிடுகின்றன. இன்னொரு பத்தியில் சராசரி கேட்டால் பிழை வருகிறது. காலி இடங்களில் எல்லாம் சைபர் போட்டுவிட்டால் தீர்ந்துவிடுமா?"

தீராது. பிழைச்செய்தி வேண்டுமானால் நின்றுபோகும், ஆனால் விடை தப்பாகிவிடும். மூன்று மாணவர்களின் மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 40, ஒருவர் 60, மூன்றாமவர் தேர்வுக்கே வரவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பாண்டாஸ் அவரைக் கணக்கில் சேர்க்காமல் சராசரி 50 என்று சொல்லும். அங்கே சைபர் போட்டால் 33.3 என்று சொல்லும். தேர்வு எழுதி ஒன்றும் வாங்காதவரும், தேர்வுக்கு வராதவரும் ஒன்றா? வெப்பநிலைப் பத்தியில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே 0 என்பது உண்மையான ஓர் அளவு.

சரி, 12 ஏன் 12.0 ஆகிறது? மதிப்பு இல்லாத இடத்தைப் பாண்டாஸ் வழக்கமாக நேன் (NaN, அதாவது 'எண் அல்ல') என்று குறிக்கும். அந்த நேன் தசம எண் வகையைச் சேர்ந்தது. அது ஒன்று பத்திக்குள் வந்தாலே போதும், பத்தி முழுக்கத் தசம வகைக்கு மாறிவிடும். முழு எண்ணாகவே வேண்டுமென்றால், ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் இன்ட்64 (Int64) என்ற வகையைக் கேளுங்கள். சின்ன எழுத்து இன்ட்64 காலி இடத்தை ஏற்காது. பெரிய எழுத்து வகை ஏற்கும். இந்தப் பாதி இவ்வளவுதான்.

சராசரி எடுக்க முடியாத பத்திதான் கவனிக்க வேண்டியது. கோப்பைத் தயாரித்தவர் காலியாக விடாமல் ஏதோ எழுதியிருப்பார். ஒரு சின்னக் கோடு, "தெரியாது" என்ற சொல், சில நேரம் கண்ணுக்கே தெரியாத ஒற்றை இடைவெளி. வெறும் கட்டம், என்ஏ (NA), என்/ஏ (N/A), நல் (null) போன்ற சிலவற்றைப் பாண்டாஸ் தானாகவே காலி என்று எடுத்துக்கொள்ளும். கோடும் இடைவெளியும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பத்தி எழுத்து வகையாகவே உள்ளே வந்துவிடுகிறது. இதற்கு ரீட்_எக்ஸெல் கட்டளையிலேயே என்ஏ_வேல்யூஸ் என்ற இடத்தில், இவையெல்லாம் காலி என்று பட்டியல் கொடுத்துவிடலாம். -999 போன்ற அடையாள எண்கள் இருந்தால் அவற்றையும் அதே இடத்தில் சேருங்கள். அவை எந்தப் பிழையும் காட்டாமல் சராசரியைக் கீழே இழுத்துவிடும். பத்தியின் மிகச் சிறிய மதிப்பைப் பார்த்தால் பிடிபடும்.

பலர் இங்கே டு_நியூமெரிக் கட்டளையில் 'கோயர்ஸ்' போட்டுவிடச் சொல்வார்கள். எண்ணாக மாறாத எல்லாவற்றையும் அது சத்தமில்லாமல் நேன் ஆக்கிவிடும். "1,250" என்று காற்புள்ளியோடு எழுத்தாகப் பதிவான நல்ல மதிப்பும் அதோடு போய்விடும். எனக்கு அது முதல் வழியாகப் பிடிப்பதில்லை. அந்தப் பத்தியில் என்னென்ன மதிப்புகள் இருக்கின்றன என்று யூனிக் போட்டுக் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு உள்ள பத்தி என்றால், நமீபியாவின் குறியீடு என்ஏ. பாண்டாஸ் அதைக் காலி என்று நினைத்து ஒரு நாட்டையே அழித்துவிடும். கீப்_டிஃபால்ட்_என்ஏ என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு, எவை காலி என்று நீங்களே சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் வெற்று எழுத்துச்சரத்தையும், அதாவது உள்ளே எதுவும் இல்லாத மேற்கோள் குறிகளையும் சேருங்கள், இல்லாவிட்டால் உண்மையிலேயே காலியான கட்டமும் காலியாகத் தெரியாது.

இணைத்த கட்டங்கள் இருந்தால் அது வேறு கதை. ஐந்து வரிசையை இணைத்து ஒரு துறையின் பெயர் எழுதியிருந்தால், முதல் வரிசைக்கு மட்டும்தான் பெயர் வரும், மீதி நான்கும் நேன். அங்கே எஃப்ஃபில் போட்டு மேலே உள்ளதைக் கீழே இறக்குவது சரி. மதிப்பெண் பத்தியில் அதையே செய்தால் ஒருவர் மதிப்பெண் அடுத்தவருக்குப் போய்விடும். எனவே பத்தியின் பெயரைச் சொல்லி அதற்கு மட்டும் போடுங்கள்.

திறந்த உடனே இஸ்என்ஏ, சம் இரண்டையும் சேர்த்துப் போட்டால் எந்தப் பத்தியில் எத்தனை காலி என்று தெரிந்துவிடும். எக்ஸெல்லில் கண்ட எண்ணிக்கையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த வரிசைகளை நிரப்பினீர்கள் என்று தனியாக ஒரு பத்தியில் குறித்துவிட்டு நிரப்புங்கள். வரிசைகளைக் குழுக்களாகப் பிரிக்கும் குரூப்பை (groupby) கட்டளையைப் போடும்போது மட்டும் ஒன்று: பிரிக்கும் பத்தியில் காலி உள்ள வரிசைகளை அது இயல்பாகவே விட்டுவிடும். அவையும் வேண்டுமென்றால் ட்ராப்என்ஏ ஃபால்ஸ் கொடுங்கள்.