அந்த மெழுகுவத்தியை அணைக்காதீர்கள்

நடுவர் அவர்களே, வணக்கம். ‘தார்க்கோவ்ஸ்கி படங்களின் மெதுவான நடை பலமா, பலவீனமா?’ என்பது தலைப்பு. சோவியத் திரைப்பட இயக்குநரான அவருக்காக, பலமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், “தூக்க மாத்திரையே வேண்டாம், இவர் படம் போதும்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். வாங்கட்டும். ஆனால் ‘நாஸ்டால்ஜியா’வின் மெழுகுவத்திக் காட்சியை இரண்டு நிமிடத்தில் முடித்திருக்கலாம் என்றாரே, அதை விடமாட்டேன்.

இத்தாலியில் ஒரு பழைய வெந்நீர்க் குளம். தண்ணீரை இறைத்துவிட்டார்கள், தரையெல்லாம் ஈரமும் சேறும். எரியும் மெழுகுவத்தியோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பதாக ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார் ரஷ்ய எழுத்தாளர் கோர்ச்சகோவ். நடித்தவர் ஒலெக் யான்கோவ்ஸ்கி. கோட்டு மறைவில் சுடரைப் பொத்திக்கொண்டு நடக்கிறார். அணைகிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய் ஏற்றுகிறார். மறுபடி அணைகிறது. மறுபடி திரும்புகிறார். மூன்றாம் முறைதான் போய்ச் சேர்கிறார். சுமார் ஒன்பது நிமிடம், ஒரே ஷாட்.

எதிரணி கேட்கிறபடி வெட்டினாலும் சுடர் அணையாமல் போய்ச் சேரும், ஐயா. ஆனால் கொண்டுபோய்ச் சேர்த்தவர் எடிட்டராக இருப்பார்! இங்கே அந்த மனிதரே நடக்க வேண்டியிருக்கிறது. காற்று எப்போது வருமோ என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். தூங்குகிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டா தூங்குவான்?

“அரசாங்கப் பணம், வசூல் கவலை இல்லை, இழுத்தார்” என்றும் சொன்னார்கள். அந்த அரசாங்கத்தின் லட்சணத்தைக் கேளுங்கள். முதல் முழுநீளப் படமான ‘இவானின் குழந்தைப் பருவம்’ 1962இல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கத்தை வாங்கியது. அப்படிப்பட்டவரின் ‘ஆந்த்ரேய் ரூப்ளெவ்’ 1966இல் முடிந்தும், சோவியத் திரையரங்குகளுக்கு வந்தது 1971இல். 1984இல் இனி நாடு திரும்பமாட்டேன் என்று மிலானில் அறிவித்தார். 1986 டிசம்பரில் பாரிஸில், 54 வயதில் போய்ச் சேர்ந்தார். முழுநீளப் படங்கள் ஏழே ஏழு. சொகுசாக இழுத்தவரின் கணக்கா இது?

ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். ‘சோலாரிஸ்’ படத்தில் டோக்கியோ சாலைகளில் கார் போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். அது எனக்கும் நீளம்தான்.

ஆனால் கடைசிப் படத்துக்கு வாருங்கள். ஸ்வீடனின் காட்லாந்து தீவு. வீடு எரிவதை ஒரே ஷாட்டில் எடுக்கும்போது கேமரா மக்கர் செய்துவிட்டது. வீடு போயிற்று. கிடைத்த துண்டுகளை ஒட்டிச் சமாளித்திருக்கலாம். மனிதர் இன்னொரு வீட்டைக் கட்டவைத்து, அதையும் கொளுத்தி, முழுதாக எடுத்தார். எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் தூக்க மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டு, அந்த இரண்டாவது வீட்டுக்கு முதலில் பதில் சொல்லட்டும்.