கைமாறும் கத்தி: பாக் விரிகுடாக் கரையில் ஆற்றிய உரை

ஊர்த் தலைவர் அவர்களே, நாட்டுப்படகு மீனவர் சங்கத்தின் பொறுப்பாளர்களே, தொழில் வேறுபாடுகளை ஒதுக்கி வைத்துவிட்டு இன்று ஒரே மேடையில் வந்து அமர்ந்திருக்கும் விசைப்படகுச் சங்கப் பெரியவர்களே, மீன்வளத் துறை ஆய்வாளர் அவர்களே, வனச்சரக அலுவலர் அவர்களே, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வலையை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தம்பிமார்களே, ஏலக்கூடத்திலிருந்து கூடையோடு வந்திருக்கும் அக்காமார்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்த ஏலக்கூடத்தை ஒரு மாலைப் பொழுது நமக்கு விட்டுத் தந்த ஏலதாரர்களுக்கு முதல் நன்றி. ஒலிபெருக்கிக்குக் காசு வாங்க மறுத்த தம்பிக்கு நன்றி. ஆய்வாளர் ஐயா மாவட்டத் தலைநகரில் கூட்டத்தை முடித்துக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறார். வனச்சரக அலுவலர் சீருடையோடு வந்து, மேடை வேண்டாம் என்று சொல்லி முன்வரிசையில் உங்களோடு அமர்ந்திருக்கிறார். இந்த இரண்டு துறையும் ஒரே இடத்தில் இருக்கும்போது பேச வேண்டிய பேச்சு ஒன்று இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

“பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருவனுக்குத் தலைச்சுமை” என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு பழமொழிக்குள் அடங்கும். நான்கு செய்திகள் சொல்ல வேண்டும். படகுக்கு ஏற்ற கத்தி எது என்பது ஒன்று. ஒரே கத்தியைப் பலர் சுற்றுக்கு விட்டுப் பார்ப்பது எப்படி என்பது இரண்டு. அதை உப்பிலிருந்து காத்துத் தீட்டுவது மூன்று. ஏலக்கூடத்துப் பெண்களின் அருவாமனை நான்கு.

படகில் கத்தி எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் வராது. ஐஸ் பெட்டிக்கு அடியில் இருக்கும், டீசல் கேனுக்குப் பின்னால் இருக்கும். வலை விடும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, கயிறு சுருளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுருளுக்குள் ஒரு கால் நின்றுவிட்டால் வளையம் கணுக்காலில் இறுக ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது. ஈயக்கயிறும் வலையும் கடலுக்குள் போகிற பாரம் முழுவதும் அந்தக் காலில் விழும். எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது முதல் வேலை. அடுத்த வேலை கத்தி. அறுக்க வேண்டிய இடம் காலுக்கும் கடலுக்கும் நடுவே விறைத்து நிற்கும் பக்கம். தளர்ந்து கிடக்கும் பக்கத்தை அறுத்தால் ஆளை இழுக்கும் பாரம் அப்படியேதான் இருக்கும். விறைத்த நைலான் அறுந்ததும் சுண்டி அடிக்கும். அதனால் கயிற்றின் நேர்க்கோட்டில் முகம் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் நின்று அறுக்க வேண்டும்.

இதற்கு ஏற்ற கத்தி எது? முனை மொட்டையாக இருக்க வேண்டும். ஆடுகிற படகில் கூர்முனை தன் தொடையிலும் போகும், அடுத்தவன் விலாவிலும் போகும். அலகு 8 முதல் 9 சென்டிமீட்டர் போதும். பிடிப்பக்கம் பாதி அலகு கருக்காக இருக்க வேண்டும், கருக்கரிவாளில் இருப்பது போல. ஈரமான பாலிபுரொப்பிலீன் கயிற்றில் வழுவழுப்பான கூர் வழுக்கும், கருக்குப் பல் கவ்வும். தங்கூசி என்னும் ஒற்றை நைலான் இழையில் பின்னிய வலையின் கண்ணியை அறுக்க மீதிப் பாதி நேர்க்கூராக இருக்கட்டும். பிடி ஆரஞ்சு அல்லது மஞ்சள். கறுப்புப் பிடி அழகுதான், ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குப் படகின் அடியில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. பிடியின் நுனித் துளையில் ஒரு கை நீளத்துக்குக் கயிறு கட்டியிருக்க வேண்டும்.

மடக்குக் கத்தியா, மடங்காத கத்தியா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சட்டைப்பையில் மடக்குக் கத்தி இருக்கலாம். ஆனால் வலை விடும் இடத்தில், வலை விடுகிறவரின் கை எட்டும் தூரத்தில், உறையோடு படகில் அடித்து வைத்த மடங்காத கத்தி ஒன்று இருந்தே தீர வேண்டும். பெரும்பாலான மடக்குக் கத்திகளை விரிக்க இரண்டு கை வேண்டும். மீன் செதிலும் சளியும் ஒட்டிய விரலுக்கு, அலகை நகத்தால் இழுத்து விரிக்கும் நகக்குழி பிடிபடாது. பூட்டு இல்லாத மடக்குக் கத்தி அழுத்தம் மாறினால் விரல்மேலேயே மடங்கும்.

பூட்டுள்ள மடக்குக் கத்திகளில் பிரான்சின் ஒப்பினல் உலகமெங்கும் பெயர் பெற்றது. சவோய் மலைப்பகுதியில் 1890இல் பிறந்த கத்தி அது. அலகின் அடியில் சுழலும் வளையப் பூட்டு 1955இல் வந்தது. அதன் அளவுகளில் எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர், விலையும் மலிவு, தீட்டவும் எளிது. ஆனால் பிடி மரம். மரம் உப்புத்தண்ணீரைக் குடித்தால் வீங்கும். வீங்கினால் அலகு பிடிக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வராது. கரையில் பழம் நறுக்குகிறவருக்கு அது சிறிய தொந்தரவு, கயிற்றில் சிக்கியவனுக்கு அது உயிர். பிடித்தமான கத்தி என்பதற்காகப் படகுக்குப் பரிந்துரைக்க முடியாது.

இரண்டாவது செய்தி. கத்தி ஆர்வலர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஒருவர் ஒரு கத்தியைச் சுற்றுக்கு விடுவார். வரிசையில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு வாரம் வைத்துப் பயன்படுத்தி, கண்டதை எழுதி, துடைத்து, எண்ணெயிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார். வாங்காமலே பத்துப் பேர் அந்தக் கத்தியை அறிந்துகொள்கிறார்கள். பத்துப் பேருக்குப் பல்குச்சி!

அந்த வழக்கத்தை இந்தக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். பத்துப் படகு, ஒரு கத்தி, படகுக்கு ஏழு நாள். கத்தியோடு பிளாஸ்டிக் உறையில் ஒரு நோட்டுப் புத்தகம் போகும். அதில் எழுத வேண்டியது தேதி, எந்தக் கயிறு, என்ன தடிமன், எத்தனை இழுப்பில் அறுந்தது, எங்கே வழுக்கியது, எங்கே துரு தெரிந்தது. “நல்ல கத்தி” என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. “எட்டு மில்லிமீட்டர் ஈரக்கயிறு, கருக்குப் பக்கம் இரண்டு இழுப்பு, நேர்க்கூரில் ஐந்து இழுப்பு” என்று எழுதுங்கள், அது பயன்படும். சுற்றில் இருக்கும் கத்தியை அவரவர் விருப்பத்துக்குத் தீட்டக் கூடாது. பத்துப் பேர் பத்துச் சாய்வில் தேய்த்தால் கத்தியில் எதுவும் மிஞ்சாது. தீட்டும் பொறுப்பு ஒருவருக்கே. அலகு உடைந்தால் செலவு பத்துப் பங்கு.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்ற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கரையில் அதை வைத்துக்கொள்ளுங்கள். படகில் கீழே வைத்த கத்தி உருண்டு காலுக்கு வரும். அதனால் படகில் கொடுப்பவர் அலகின் முதுகைப் பிடித்து, கூர் தன் உள்ளங்கையைப் பாராமல் வெளிப்பக்கம் இருக்க, பிடியை நீட்ட வேண்டும். வாங்குபவர் “பிடிச்சிட்டேன்” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே விட வேண்டும். எஞ்சின் சத்தத்தில் தலையாட்டினால் போதாது.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தாலும் உப்பு அதைப் புள்ளி புள்ளியாகக் குழித்துவிடும். அது முதலில் தொடங்கும் இடம் உறைக்குள். தோல் உறை உப்பீரத்தை உறிஞ்சிப் பிடித்துவைத்துக்கொள்ளும். அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் உறைதான் கடலுக்கு ஏற்றது. கரை வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. நல்லெண்ணெய் வேண்டாம், காய்ந்து பிசினாகும். தீட்ட 400 எண் கல்லே போதும். கயிறு அறுக்கும் கத்திக்கு அந்தச் சொரசொரப்பு நல்லது. கண்ணாடி போலத் தீட்டினால் கயிற்றில் வழுக்கும். இரண்டு சென்டிமீட்டர் அகல அலகின் முதுகைக் கல்லிலிருந்து 7 மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் ஏறக்குறைய 20 டிகிரிச் சாய்வு கிடைக்கும். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்க விளிம்பு முழுவதும் பிசிறு, அதாவது மடிந்து நிற்கும் மெல்லிய எஃகு விளிம்பு, விரலில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்ட பிறகே பக்கம் மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் இழுத்தால் பிசிறு போய்விடும்.

இப்போது, இந்தக் கத்தி அறுக்க வேண்டிய இன்னொன்று. வலை. நம்முடைய சொந்த வலை.

அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையுள்ள கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே அதுதான் முதல். ஆவுளியா என்று நாம் அழைக்கும் அந்தக் கடற்பசு நுரையீரலால் மூச்சு விடும் உயிர். சில நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்தாக வேண்டும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும், அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். பங்குனி ஆமைக்கும் மூச்சுக் கதை அதுவேதான். வலையில் சிக்கினால் இரண்டும் மூழ்கிச் சாகும். அறுத்துவிட்டால் பிழைக்கும். ஆனால் அறுக்கிறவனுக்கு வலை போகிறது, அன்றைய மீன்பாடும் போகிறது.

இங்கே குஜராத்தின் கதையைச் சொல்ல வேண்டும். வெராவல் கரைப் பக்கம் திமிங்கலச் சுறா வரும். பன்னிரண்டு மீட்டருக்கு மேலும் வளரும் மீன், பல்லால் யாரையும் கடிக்காத மீன், தண்ணீரை வடிகட்டித் தின்னும் மீன். அதை ஒரு காலத்தில் கொன்று குவித்தார்கள். ஈரல் எண்ணெயைப் படகுக்குப் பூசினார்கள், தண்ணீர் புகாமல் இருக்க. இறைச்சி ஏற்றுமதியானது. 2001இல் சட்டம் வந்தது, கொல்லக் கூடாது என்று. சட்டம் வந்தால் மட்டும் மீனவன் வலையை அறுப்பானா? 2004இல் வனத்துறையும் வனவுயிர் அமைப்பும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். ராமகதை சொல்லும் மொராரி பாபுவை அழைத்து வந்தார்கள். அவர் சட்டம் பேசவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளைப் போல இந்த மீன் உங்கள் கரைக்கு வருகிறது, வந்த மகளைக் கொல்வீர்களா என்று கேட்டார். ஊர் ஊராகத் தெருவில் நாடகம் போட்டார்கள், பிரம்மாண்டமான காற்றடைத்த மீன் பொம்மையோடு. கடலோர நகரங்கள் அந்த மீனைத் தங்கள் அடையாளமாகவே அறிவித்தன. கொன்ற கரையே காக்கத் தொடங்கியது!

ஆனாலும் வயிறு இருக்கிறது. அதற்கும் வழி செய்தார்கள். அறுத்த வலைக்கு அரசு இழப்பீடு தந்தது. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. அதிகாரி படகேறி வந்து பார்த்துச் சான்று தந்தால்தான் பணம். அவர் வரும்வரை மீன் வலையிலேயே கிடக்கும். அதனால் பிறகு மீனவர் கையிலேயே கேமராவைக் கொடுத்துவிட்டார்கள். சிக்கியதும் அறு, படம் எடு, படத்தைக் காட்டு. மீனவன் சொல்லை அரசு நம்பியது. இதுவரை நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் உயிரோடு திரும்பிப் போயிருக்கின்றன. மகாராஷ்டிர அரசும் 2018 முதல், பாதுகாக்கப்பட்ட கடல் உயிரை விடுவிக்க வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை தருகிறது. பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருவனுக்குத் தலைச்சுமை. அறுபட்ட வலையைத் தனியொரு படகின் தலையில் வைத்தால் சுமை. ஒரு மாநிலமே பகிர்ந்துகொண்டால் அது பல்குச்சி.

ஆமையை எப்படி விடுவிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் நியூட்ரல். துடுப்புக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஓட்டின் இரு பக்கத்தையும் பிடித்துத் தூக்குங்கள். கத்தியின் முதுகு ஆமையின் தோலோடு, கூர் உங்களை நோக்காமல் வெளியே. மொட்டை முனையின் அருமை இங்கேதான் தெரியும். கழுத்துக் கண்ணியை முதலில் அறுங்கள். மேல்கயிற்றைத் தொட வேண்டாம். கண்ணிகளை ஒரே வரிசையில் அறுத்தால் பிறகு முடைவது எளிது. தாறுமாறாகப் பிய்த்தால் இரண்டு மடங்கு நூலும் நேரமும் போகும். அசைவற்றுக் கிடக்கிறதே என்று கடலில் தள்ளிவிடாதீர்கள், மூழ்கிவிடும். மல்லாத்தவும் கூடாது. குப்புற வைத்து, பின்பக்கத்தை 15 சென்டிமீட்டராவது உயர்த்தினால் நுரையீரல் தண்ணீர் வடியும். நிழலில், ஈரத்துணி போர்த்தி, நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல், தேவையானால் ஒரு நாள் வரை வைத்திருக்கலாம். மூக்குத் துவாரத்தில் துணி படக் கூடாது. அசைவு வந்ததும் எஞ்சினை நியூட்ரலில் வைத்துத் தண்ணீரில் மெல்ல விடுங்கள்.

அருவாமனை பற்றிச் சொல்வதாக அக்காமார்களிடம் வாக்குக் கொடுத்தேன். அதை இன்னொரு நாள் பேசுகிறேன், மீதி நேரம் நாம் அரசுக்குக் கொடுக்கப்போகும் மனுவுக்கு வேண்டியிருக்கிறது. மனுவை வாசிக்கிறேன், ஆய்வாளர் ஐயாவும் வனச்சரக அலுவலர் ஐயாவும் கேட்டருள வேண்டும்.

“பாதுகாக்கப்பட்ட கடல் உயிரை விடுவிக்க அறுத்த வலைக்கு, தமிழகக் கடற்கரை முழுவதற்கும் பொருந்தும் நிரந்தர இழப்பீட்டுத் திட்டம் வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்தையும் படகின் பதிவு எண்ணையும் போதிய சான்றாக ஏற்க வேண்டும். பணம் முப்பது நாளுக்குள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். பதிவு பெற்ற ஒவ்வொரு படகுக்கும், உயிர்காப்பு மிதவையோடு, மொட்டை முனைக் கத்தி ஒன்றும் மானியத்தில் வழங்க வேண்டும்.”

ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்து நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் இது கொடுக்கப்படும். கையெழுத்துத் தாள் தலைமையாசிரியை அம்மாவின் மேசையில் இருக்கிறது. பெயர், படகின் பதிவு எண், கையெழுத்து. வலை முடையும் பெண்களும் போட வேண்டும், அறுபட்டதைச் சரிசெய்வது அவர்கள் கைதான். சுற்றுக் கத்தியும் நோட்டும் அதே மேசையில் இருக்கின்றன. முதல் பத்துப் படகின் வரிசையைச் சீட்டுக் குலுக்கி ஊர்த் தலைவர் எடுப்பார். இரண்டு சங்கத்திலிருந்தும் ஐந்தைந்து படகு.