திட்டுவதற்குப் பயிற்சியாளர் எதற்கு?

(கிருஷ்ணகிரி பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘கால்பந்து வீரர் களத்தில் தவறு செய்தால் பயிற்சியாளர் செய்ய வேண்டியது கண்டிப்பதா, காப்பதா?’ ‘காப்பதே’ அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களே, தைக் குளிரிலும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணகிரி மக்களே, வணக்கம்.

எதிரணி அண்ணன் ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். எந்த ஊரில் வந்து எதைச் சொல்கிறார் பாருங்கள்! எருது விடும் விழாவுக்குக் காளை வளர்ப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பத்துப் பேராவது இருப்பீர்கள். ஓடின காளை பாதியில் திரும்பிவிட்டால் ஊர் பார்க்கவா அடிக்கிறீர்கள்? காலில் ஏதாவது பட்டிருக்கிறதா என்றுதானே முதலில் பார்ப்பீர்கள்? அண்ணன் சேலத்துக்காரர், போகட்டும்.

2018 மே 26, கீவ் நகரம். ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும். லிவர்பூல் கோல்கீப்பர் காரியஸ் கையால் உருட்டிவிட்ட பந்து நேராக மாட்ரிட் வீரர் பென்சிமாவின் காலில் பட்டுக் கோலுக்குள் போனது. அப்புறம் அதே அணியின் பேல் தூரத்திலிருந்து அடித்த பந்து கையில் பட்டு நழுவியது. 3-1 தோல்வி. உலகமே அவரைக் கழுவி ஊற்றியது. பயிற்சியாளர் கிளாப் மட்டும் அவரைத் திட்டவில்லை. சில நாள் கழித்து அமெரிக்காவில் பாஸ்டன் மருத்துவர்கள் பரிசோதித்துச் சொன்னார்கள்: ஆட்டத்தின்போது காரியஸுக்குத் தலையதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது, அது அவருடைய பார்வைத் திறனைப் பாதித்திருக்கலாம் என்று. முதல் கோலுக்குச் சற்று முன்புதான் மாட்ரிட் வீரர் ராமோஸின் முழங்கை அவர் மேல் இடித்திருந்தது. அன்று இரவே கிளாப் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தால், அந்த வார்த்தைகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

‘அதே கிளாப்தானே அடுத்த மாதங்களில் அலிசன் என்ற வேறு கோல்கீப்பரை வாங்கிவிட்டு, காரியஸைத் துருக்கிக்கு அனுப்பினார்?’ என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். காப்பது என்றால் அடுத்த ஆட்டத்திலும் அவரையே இறக்குவது என்று நாங்கள் சொல்லவே இல்லை. ஆளை மாற்றலாம், அசிங்கப்படுத்தக் கூடாது.

அந்த அலிசனும் வந்த சில வாரங்களிலேயே லெஸ்டர் அணியுடன் ஆடும்போது, காலில் பந்தை வைத்துக்கொண்டு எதிரியை ஏமாற்றப் போய்க் கோல் வாங்கிக் கொடுத்தார். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பந்தைக் கண்டபடி உதைக்காதே, காலால் ஆடிப் பின்னாலிருந்து கட்டி எழுப்பு என்று கோல்கீப்பரிடம் சொல்வதே பயிற்சியாளர்தான். சொன்னதைச் செய்யப் போய்த் தவறு நடந்தால், அதில் பாதிக் கணக்கு அவர் பெயரில் எழுத வேண்டியது. அப்போது திட்டினால் என்ன ஆகும்? அடுத்த முறை பந்து வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வானத்துக்கு உதைப்பார். ஆள் தப்பித்துக்கொள்வார், ஆட்டமுறை செத்துப்போகும். கிளாப் அதைப் பெரிதாக்கவில்லை. 2019 ஜூனில் அதே அலிசன் கோல் காக்க, லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது.

இப்போது அவர்களுடைய பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். மான்செஸ்டர் யுனைடெட் அணியின் முன்னாள் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன். முகத்துக்கு நேரே நின்று கத்துகிற கத்தலுக்கு ‘ஹேர் டிரையர்’ என்றே பெயர் வாங்கியவர். 2003 பிப்ரவரியில் ஆர்சனலிடம் தோற்ற ஆத்திரத்தில் அவர் உதைத்த பூட்ஸ், தன் அணி வீரர் பெக்காமின் புருவத்தில் பட்டுக் கிழித்தது. ‘அந்த ஆண்டு இங்கிலாந்து லீக்கை மான்செஸ்டர் யுனைடெட் வென்றதே!’ என்றார் அண்ணன். வென்றது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோடையில் பெக்காம் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். வேறு காரணங்களும் உண்டு என்பார்கள். பூட்ஸ் அவரை இருக்கச் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அண்ணன் சொல்லாமல் விட்ட ஃபெர்குசன் ஒருவர் இருக்கிறார். 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் சிமியோனியை உதைத்துச் சிவப்பு அட்டை வாங்கினார் பெக்காம். இங்கிலாந்து தோற்றது. லண்டனில் அவருடைய உருவபொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அப்போது ஃபெர்குசன் பக்கத்தில் நின்றார். அடுத்த சீசனின் முதல் லீக் ஆட்டத்திலேயே பெக்காமைக் களமிறக்கினார். கடைசி நேர ஃப்ரீ கிக்கில் அவர் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அந்த சீசன் முடியும்போது யுனைடெட் கையில் மூன்று கோப்பைகள். பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின் கூடுதல் நிமிடங்களில் விழுந்த இரண்டு கோலுக்கும் கார்னர் அடித்தது யார்? அதே பெக்காம்தான்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், நடுவர் ஐயா. பயிற்சிக்கு வராதவனை, ஓடாமல் வேடிக்கை பார்ப்பவனைக் கண்டியுங்கள், அபராதம் போடுங்கள். அது தவறு இல்லை, சோம்பல். கை நழுவிய பந்து அந்தக் கணக்கில் சேராது. ‘கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறானே’ என்கிறார்கள். அவ்வளவு சம்பளம் வாங்குகிறவனுக்குத் தான் செய்தது தவறு என்று தெரியாதா? டி.வி.யில் இருபது தடவை போட்டுக் காட்டுகிறார்கள். இருபத்தோராவது தடவை காட்டவா ஒரு பயிற்சியாளர்?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேசவரும் எதிரணிச் சகோதரி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்: கீவ் நகரத்தில், அந்த இரவு, காரியஸிடம் நீங்கள் என்ன சொல்லித் திட்டியிருப்பீர்கள்? நன்றி, வணக்கம்.