பட்டில் சாம்பார் கொட்டினால் முதலில் சோப்பைத் தொடாதீர்கள்

வணக்கம். கல்யாண மாதம் பிறந்துவிட்டால் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான்: "அக்கா, பந்தியில் பட்டுப்புடவையில் சாம்பார் கொட்டிவிட்டது, என்ன செய்வது?" அதோடு நிற்காது. "உடனே சோப்புப் போட்டுத் தேய்த்தேன், கறை சிவப்பாகிவிட்டது" என்று அடுத்த வரியும் இருக்கும். அந்த அடுத்த வரிக்காகத்தான் இன்றைய வீடியோ. பட்டைச் சாம்பார் கெடுப்பதைவிட, சாம்பாரை எடுக்கப் போன கை கெடுப்பதுதான் அதிகம்.

கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். மேசையில் இருப்பது ஒரு கிழிந்த பட்டு வேட்டியிலிருந்து வெட்டிய துண்டு, சந்தன நிறம். இதன்மேல் சாம்பாரின் தெளிவிலிருந்து ஒரு சொட்டு விடுகிறேன். பாருங்கள், நடுவில் மஞ்சள் வட்டம். அதைத் தாண்டி, நிறமே இல்லாமல் நூலிழை வழியாக ஈரம்போல ஓடுகிறதே, அது எண்ணெய். இப்போது துணி துவைக்கிற பார் சோப்பைக் கரைத்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டு வைக்கிறேன். மஞ்சள் போயிற்றா? செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. இந்த இடத்தில்தான் எல்லோரும் பதறிப்போய் இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டு இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள்.

பதறாதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறது அல்லவா? அங்கே நடப்பதேதான் இங்கேயும் நடக்கிறது. மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் காரம் (மிளகாய்க் காரமல்ல, சோப்பிலும் சுண்ணாம்பிலும் இருக்கிற அல்கலி) பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். இதோ, தண்ணீர் கலந்த வினிகரை ஒரு சொட்டு வைக்கிறேன். சிவப்பு பின்வாங்கிவிட்டது. கறை போகவில்லை, வந்த இடத்துக்கே திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் நீங்கள் தேய்த்திருந்தால், அந்த இடத்தில் பட்டின் பளபளப்பு போய் வெளுத்த திட்டு விழுந்திருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவர எந்த வினிகராலும் முடியாது. ஈரமான பட்டிழைக்கு உலர்ந்த பட்டிழையின் வலிமை கிடையாது. ஈரத்தில் தேய்த்தால் இழையின் மேற்பரப்பு சிராய்த்துப் பிசிறடிக்கும்.

பட்டு ஒரு புரதம். கம்பளியும் அப்படித்தான், நம் தலைமுடியும் அப்படித்தான். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் எதைப் போடக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும். சலவைத் தூள் காரத்தன்மை உள்ளது. காரம் புரதத்தை அரிக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் என்சைம், புரோட்டீஸ் என்று இருந்தால் இன்னும் மோசம். பருப்பு, முட்டை, பால் கறைகளின் புரதத்தைத் தின்பதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். கறை எது, புடவை எது என்று அதற்குத் தெரியாது. குளோரின் பிளீச் பட்டைக் கரைத்தே விடும். டூத் பேஸ்டில் இருப்பது பல்லைத் தேய்ப்பதற்கான பொடி. பட்டுக்கு அது உப்புத்தாள்.

சரி, சாம்பார் கொட்டிய அந்த நிமிடத்தில் மண்டபத்தில் என்ன செய்வது? கை கழுவுகிற இடத்துக்கு ஓடாதீர்கள். அங்கே நாலு பெரியம்மாக்கள் இருப்பார்கள். உப்பைப் போடு, எலுமிச்சம்பழம் தேய், சோப்பு நுரை வை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் புடவை உங்களுடையது. உட்கார்ந்த இடத்திலேயே, ஒரு ஸ்பூனின் மழுங்கிய விளிம்பால் பருப்பையும் காயையும் வழித்து எடுங்கள். பிறகு உலர்ந்த வெள்ளைக் கைக்குட்டையால் ஒற்றுங்கள். அச்சுப் போட்ட வண்ண நாப்கின் வேண்டாம், அதன் சாயம் ஏறிவிடும். ஒற்றுவது என்றால் அழுத்தி எடுப்பது, துடைப்பது அல்ல. அப்புறம் யாருடைய கைப்பையிலாவது டால்கம் பவுடர் இருக்கும். கறை மறையும்படி தூவி விடுங்கள், அது எண்ணெயை உறிஞ்சும். மொய் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகும்வரை அப்படியே இருக்கட்டும். புகைப்படத்தில் மாவு கொட்டியதுபோல் தெரியும்தான். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பவுடரை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இன்னொரு முறை தூவி இரவு முழுக்க விடுங்கள். சாம்பார் ஒரே கறையல்ல: எண்ணெய், பருப்பு, புளி, மஞ்சள் எல்லாம் சேர்ந்தது. எண்ணெய் போகாமல் மஞ்சளைத் தொட்டுப் பயனில்லை. குர்க்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரைந்திருக்கிறது.

அடுத்த படிக்குப் போகுமுன் இரண்டு சோதனைகள். முதலாவது, இது பட்டுதானா? முந்தானைக் குஞ்சத்திலிருந்து உதிரியாக ஒரு நூலை எடுத்து, இடுக்கியில் பிடித்து, வாஷ்பேசின் மேலே வைத்துக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், மிச்சம் விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். பாலியஸ்டராக இருந்தால் இவ்வளவு கவலை வேண்டாம், இளஞ்சூட்டு நீரும் நல்ல திரவ சோப்பும் பெரும்பாலும் போதும். இரண்டாவது, சாயம் நிற்குமா? இடுப்பில் செருகுகிற உள்முனையில், நீங்கள் பயன்படுத்தப் போகிற திரவத்தைப் பஞ்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை அதற்கு நேரெதிர் நிறமாக இருக்கும். அரக்குக் கரையில் சாயம் இளகினால் வெளிர் மஞ்சள் உடலில்தான் போய் இறங்கும்.

சோதனை தேறிவிட்டதா? ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, கறை கீழே பார்க்கும்படி புடவையைக் கவிழ்த்துப் போடுங்கள். கம்பளித் துணிக்கென்று விற்கிற மென்மையான திரவ சோப்பை, என்சைம் இல்லாததாகப் பார்த்து, குளிர்ந்த நீரில் சில சொட்டு கலந்து பின்பக்கத்திலிருந்து ஒற்றுங்கள். கறை கீழே உள்ள துண்டில் இறங்கும். பாருங்கள், என் துண்டில் மஞ்சள் அச்சு விழுந்திருக்கிறது. துண்டை நகர்த்தி நகர்த்தி, புது இடத்தில் ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரும் நல்லதுதான், பாட்டிகள் சும்மா சொல்லவில்லை. ஆனால் அதன் பழுப்பு நிறம் வெளிர்ப் பட்டில் ஏறும். அடர் நிறங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எஞ்சிய மஞ்சளுக்கு, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றி, பிறகு வெறும் தண்ணீரால் ஒற்றி எடுங்கள். நனைந்த இடத்தின் ஓரம் வளையமாகக் காய்ந்துவிடாமல், விளிம்பை வெளிப்பக்கமாக ஈரம் குறையக் குறைய ஒற்றிக்கொண்டு போங்கள். இதற்கு மேலும் மஞ்சள் நின்றால் வெயில்தான் மருந்து. குர்க்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். ஆனால் வெயிலில் பட்டும் பழுக்கும், சாயமும் வெளுக்கும். ஆகவே இப்படிச் செய்யுங்கள்: ஓர் அட்டையில் கறையின் அளவுக்கு மட்டும் ஓட்டை வெட்டிக்கொள்ளுங்கள். புடவையைத் திருப்பிப் போட்டு, ஓட்டை வழியாகக் கறை மட்டும் தெரியும்படி அட்டையை வைத்து, மற்றதைக் கனத்த துணியால் மூடி, காலை வெயிலில் கொஞ்ச நேரம் வையுங்கள். எடுத்துப் பாருங்கள், தேவையென்றால் மறுநாள் மறுபடி. செய்தித்தாளில் ஓட்டை போடாதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளை அல்லது சந்தன நிறம், ஜரிகை இல்லாத இடம் என்றால் மட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். மருந்துக் கடையில் 6 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம். முன்பு வைத்த வினிகரை நன்றாக எடுத்த பிறகு, பஞ்சில் தொட்டு வைத்து, சில நிமிடத்தில் தண்ணீரால் எடுத்துவிட வேண்டும். வண்ணப் பட்டில் இதை முயலவே வேண்டாம்.

ஜரிகையில் கறை பட்டால் உலர்ந்த துணியால் ஒற்றுவதோடு சரி. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் சுற்றிய வெள்ளி, அதன்மேல் தங்க முலாம். மலிவு ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் செம்பு. எலுமிச்சையும் வினிகரும் பட்டால் அந்தச் செம்பு நிறம் மாறிவிடும்.

காபி விஷயம் வேறு. அதில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. பார் சோப்பும் சுடுதண்ணீரும் அதை இழையிலேயே பிடித்து நிறுத்திவிடும். குளிர்ந்த நீர், பிறகு வினிகர் நீர், பிறகு பால் கொழுப்புக்கு அந்த மென்சோப்பு. பீட்ரூட் பார்க்கத்தான் பயமுறுத்தும், உடனே குளிர்ந்த நீரில் ஒற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். வாழைக்கறை? பட்ட போது நிறமே தெரியாது, காற்றுப் பட்டுப் பழுப்பாகிக் கறுத்துவிடும். கறுத்த வாழைக்கறையை எடுக்க நல்ல வழி இருப்பதாக நான் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் ஒரு பூ தைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

என்னைக் கேட்டால் சாம்பாரைவிட ஏமாற்றுக்காரன் பாயசம். இளநீரும் அப்படித்தான். காய்ந்தால் ஒன்றுமே தெரியாது, உள்ளே சர்க்கரை மட்டும் இருக்கும். சலவைக் கடையில் தண்ணீர் இல்லாமல் செய்கிற பெட்ரோல் வாஷில் எண்ணெய் கரையும், சர்க்கரை கரையாது. அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டி போனதும் சர்க்கரை கருகிப் பழுப்புத் திட்டாக வெளிவரும். கடைக்காரர்தான் கெடுத்தார் என்று சண்டைக்குப் போவோம். எனவே புடவையைக் கொடுக்கும்போது கறை பட்ட இடத்தைச் சுற்றி வெள்ளை நூலால் நாலு தளர்ந்த தையல் போட்டு, இது பாயசம், இது நெய் என்று சொல்லிக் கொடுங்கள். பேனாவால் வட்டம் போடாதீர்கள். பெட்ரோலை வீட்டில் வைத்து நீங்களே துடைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடவே கூடாது, அதன் ஆவி தீப்பிடிக்கும்.

கறை முழுக்கப் போய்விட்டது என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உறுதியான பிறகுதான் இஸ்திரி. அதுவும் உட்பக்கம், குறைந்த சூடு, மேலே ஒரு பருத்தித் துணி.

கேள்வி இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். என்ன துணி, என்ன கறை, கறை பட்டு எத்தனை நாள் ஆயிற்று, இதுவரை எதையெல்லாம் போட்டுப் பார்த்தீர்கள், இந்த நான்கும் வேண்டும். கடைசிக் கேள்விக்கு மட்டும் கூச்சப்படாமல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சோப்புப் போட்டதை மறைத்துவிட்டு, ஏன் சிவந்தது என்று என்னிடம் கேட்கக்கூடாது.