குழலை நீட்ட ஆளில்லாத ஹாம்லெட்

(பாளையங்கோட்டையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, நண்பர்களே, வணக்கம்.

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்காதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்லுவார். பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார், நடுவில் ஒரு கேள்வி கேட்பார். சின்ன வயதில் நான் பார்த்த ஒரு கொடையில் அந்தப் பின்பாட்டுக்காரர் வரவில்லை. புலவர் தனியாகவே முத்துப்பட்டன் கதையைப் பாடி முடித்தார். பாட்டில் ஒரு வரி குறையவில்லை. ஆனால் கேட்க ஆளிருந்தால்தானே பதில் வரும்? பட்டன் மனசில் என்ன ஓடியது என்பது அன்றைக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.

அந்த ராத்திரியை எனக்கு ஞாபகப்படுத்தியது ஒரு வெளிநாட்டுப் படம். அப்பாவைக் கொன்று ராஜாவான சித்தப்பாவைப் பழிவாங்கத் தயங்கித் தயங்கி நிற்கிற டென்மார்க் இளவரசனின் கதை, ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகம். அதை 1948இல் லாரன்ஸ் ஒலிவியர் படமாக்கி, தானே நடித்தார். சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. முழுசாக நடித்தால் நாலு மணி நேரம் போகும் நாடகத்தை இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்க வேண்டும். ரோசன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் என்ற இரண்டு பேரை அவர் அப்படியே எடுத்துவிட்டார்.

யார் இந்த இரண்டு பேர்? ஹாம்லெட்டோடு சின்ன வயதிலிருந்து வளர்ந்த கூட்டாளிகள். ராஜாவான அந்தச் சித்தப்பா அவர்களைக் கூப்பிட்டு, 'அவன் மனசில் என்ன இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள்' என்கிறான். சரி என்று கிளம்பி வருகிறார்கள். நாடகத்தில் ஓர் இடம். ஹாம்லெட் ஒரு குழலைக் கையில் வாங்கி, கில்டன்ஸ்டெர்னிடம் நீட்டி, 'இதை வாசி' என்கிறான். 'எனக்குத் தெரியாது, இளவரசே.' மறுபடியும் வாசிக்கச் சொல்கிறான். மறுபடியும் அதே பதில். அப்புறம்தான் வெடிக்கிறான்: இந்தச் சின்னக் குழலை வாசிக்கத் தெரியாத நீ, என்னை மட்டும் வாசித்துவிடலாம் என்று நினைத்தாயா?

கூட்டாளியே வேவு பார்க்கிறான் என்று தெரிந்த மனிதனின் வலி அது. படத்தில் அது இல்லை. குழலை நீட்ட எதிரே ஆள் வேண்டுமே!

இன்னொன்றும் போய்விட்டது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஹாம்லெட்டைக் கொல்லச் சொல்லும் ராஜாவின் கடிதத்தோடு, அந்த இரண்டு பேரும் அவனை இங்கிலாந்துக்குக் கூட்டிப் போகிறார்கள். ஹாம்லெட் ராத்திரியில் கடிதத்தை எடுத்து மாற்றி எழுதி, சாவை அவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறான். கடிதத்தில் இருந்தது அவர்களுக்குத் தெரியுமா என்று நாடகம் சொல்வதில்லை. திரும்பி வந்தவன், 'அவர்கள் சாவு என் மனசாட்சியை உறுத்தவில்லை' என்கிறான். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். அவ்வளவு யோசிக்கிற பிள்ளை, இதில் யோசிக்கவே இல்லை. படத்தில் இந்த இரண்டு சாவும் கிடையாது. நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய், நாயகன் கையில் இருந்த கறையையும் கழுவியாகிவிட்டது. பார்க்கிறவன் அவனுக்காக நிம்மதியாக அழலாம். ஷேக்ஸ்பியர் அந்த நிம்மதியைத் தரவில்லை.

நார்வே இளவரசன் ஃபோர்டின்ப்ராஸையும் ஒலிவியர் எடுத்துவிட்டார். நாடகத்தில் அவன் மேடைக்கு வருவதே இரண்டு தடவைதான். ஆனால் அவன் படை, ஐந்து காசுக்குக் குத்தகை எடுக்கக்கூட லாயக்கில்லாத ஒரு துண்டு நிலத்துக்காகச் சாகப் போவதைப் பார்த்துத்தான் ஹாம்லெட் தன் தயக்கத்தை நினைத்து வெட்கப்படுகிறான். படத்தில் அந்தத் தனிமொழியே இல்லை. கடைசியில் நாட்டை வாங்கிக்கொள்ள அந்நியன் ஒருவன் வருவதும் இல்லை. அவன் பேச வேண்டியதை ஹாம்லெட்டின் நண்பன் ஹொரேஷியோ பேசுகிறான். ஒரு நாடு கைமாறிய கதை, ஒரு வீட்டுச் சாவாகச் சுருங்கிவிடுகிறது. 1996இல் இதே நாடகத்தைப் படமாக்கிய கென்னத் பிரானா நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டு எல்லாரையும் திரும்பக் கொண்டுவந்தார். அங்கே ஃபோர்டின்ப்ராஸின் படை அரண்மனைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது.

ஒலிவியர் படம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அந்த இருட்டுக் கோட்டையும் படிக்கட்டும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. அது வேறொரு ஹாம்லெட், அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு தம்பி என்னிடம் வந்தார். கல்லூரியில் போட்ட நாடகத்தைக் குறும்படமாக எடுக்கிறாராம். நேரம் போதவில்லை என்று அத்தை வேடத்தை எடுத்துவிட்டாராம். நாடகத்தில் நாயகன் அந்த அத்தையிடம் ஒரு பொய் சொல்லுவான். 'அதை இனி யாரிடம் சொல்லுவான்?' என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள் தம்பி, உட்கார்ந்து பேசுவோம்.