கரிசல் மண்ணில் ஃபோர்க்லிஃப்ட்

நேயர்களுக்கு வணக்கம். குடோனில் ஓடும் ஃபோர்க்லிஃப்டை மழை பெய்த கரிசலில் இறக்கினால் நாலடி தாண்டாது. சின்னச் சக்கரம், தரையை ஒட்டிய அடிப்பாகம். வயிறு தட்டி நின்றுவிடும். சோலார் பேனல் பெட்டிகளைக் காட்டுக்குள் கொண்டுபோகிற வண்டி வேறு ரகம். பட்டை வெட்டிய பெரிய டயர், நாலு சக்கரத்துக்கும் இழுவை. மாஸ்ட் என்ற தூக்கும் தூண் நிமிர்ந்து நிற்கும் வகையும் உண்டு. பூம் என்ற கை முன்னே நீளும் டெலிஹேண்ட்லரும் உண்டு. நான் பேசப்போவது பெரும்பாலும் டெலிஹேண்ட்லரைப் பற்றி.

ஸ்டீயரிங்கில் மூன்று நிலை. முன்சக்கரம் மட்டும் திரும்புவது ரோட்டுக்கு. வட்ட நிலையில் பின்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பும். குறுகிய இடத்திலும் வளைந்துவிடலாம். சேற்றில் இன்னொரு லாபம், முன்சக்கரம் போட்ட தடத்திலேயே பின்சக்கரமும் வரும். புதுச் சேற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. நண்டு நிலையில் நாலும் ஒரே பக்கம் திரும்ப, வண்டி முகம் மாறாமல் சாய்வாக நகரும். சுவரை ஒட்டி நிறுத்த இதுதான் வசதி.

நிலை மாற்றும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டியை நிறுத்துங்கள். பின்சக்கரத்தை நேராக்கி, முன்சக்கர நிலைக்கு மாற்றி, முன்சக்கரத்தையும் நேராக்குங்கள். அப்புறம்தான் வேண்டிய நிலை. பின்சக்கரம் கோணியிருக்க மாற்றினால், வண்டி ஒருக்களித்தே ஓடும். டயர் வீணாகத் தேயும்.

ஒரு சக்கரம் வெறுமனே சுற்றினால் டிஃபரென்ஷியல் லாக் போடுங்கள். அது இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே போட்டால் உள்ளே பல் உடையும். நிறுத்திப் போட்டு, நேராக வெளியேறி, வளைப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

பின் ஆக்சில், அதாவது பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு, நடுவில் ஒரு முளையில் மாட்டியிருக்கும். மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஆடும். நாலு சக்கரமும் தரையில் படிவது அதனால்தான். ஆனால் வண்டி அப்போது ஒரு முக்கோணத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது: இரண்டு முன்சக்கரம், பின்னால் அந்த முளை. மொத்த எடையின் மையம் அந்த முக்கோணத்தைத் தாண்டினால் கவிழும். 2 டிகிரி சாய்வு கண்ணுக்குத் தெரியாது. 10 மீட்டர் உயரத்தில் அதே சாய்வு சரக்கை ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஆகவே பூமைத் தூக்குமுன், ரசமட்டக் குமிழ் நடுவுக்கு வரும்வரை வண்டியின் அடிச்சட்டத்தைச் சாய்க்கும் சேசிஸ் லீவரால் மட்டம் செய்யுங்கள். தூக்கிய பிறகு அந்த லீவரைத் தொடவே கூடாது. குமிழ் நடுவுக்கு வராவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

வண்டியின் தகட்டில் தூக்கும் திறன் 3 டன் என்றிருந்தால், அது பூம் உள்ளே இழுத்திருக்கும்போது. நீள நீளக் குறையும். எவ்வளவு என்பதை அந்த வண்டியின் லோடு சார்ட்தான், அதாவது எந்த நீளத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணைதான், சொல்லும். ஃபோர்க்குக்குப் பதில் பக்கெட்டோ, கொக்கி தொங்கும் ஜிப்போ மாட்டினால் சார்ட்டே வேறு.

சரிவில் பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில். குறுக்கே போக வேண்டாம். ஃபோர்க் தரையில் தட்டாமல் ஓர் அடி உயரத்தில் இருந்தால் போதும்.

காலையில் டயர் காற்றை கேஜ் வைத்தே பாருங்கள். ஒரு பக்கம் காற்று குறைந்திருந்தால், காலி வண்டியில் நடுவில் நிற்கும் குமிழ் பாரம் ஏறியதும் நகர்ந்துவிடும்.